பழகிவிடுவார்கள் என்ற கணக்கு

ஊர் நிர்வாகம் ஒரு விதியை மாற்றும்போது எழும் எதிர்ப்பைக் கடக்க, பொறுப்பில் இருப்பவர்கள் பெரும்பாலும் நம்பியிருப்பது ஒன்றைத்தான்: கொஞ்ச நாள் முணுமுணுப்பார்கள், பிறகு பழகிவிடுவார்கள். இருவழிச் சாலை ஒருவழியாகிறது, பேருந்து நிறுத்தம் அடுத்த சந்திப்புக்குப் போகிறது, குப்பை எடுக்கும் நாள் மாறுகிறது, நேரில் கொடுத்துவந்த விண்ணப்பத்தை இனி இணையத்தில்தான் பதிவேற்ற வேண்டும் என்கிறார்கள். முதல் வாரம் கொதிக்கிறோம். சில மாதங்களில் பழைய ஏற்பாடு எப்படி இருந்தது என்பதே மறந்துபோகிறது. இந்தக் கணக்கு பலிக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அது பலிப்பதையே விதி நல்லது என்பதற்குச் சான்றாகக் காட்டுவதைத்தான் ஏற்க முடியவில்லை, ஏனெனில் மனிதர்கள் மோசமான விதிக்கும் அதே வேகத்தில் பழகிக்கொள்கிறார்கள்.

நிர்வாகத்தின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். நம் எதிர்ப்பில் ஒரு பங்கு வெறும் பழக்கத்தின் பிடிவாதம். 2014 பிப்ரவரியில் லண்டன் சுரங்க ரயில் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது சில நிலையங்கள் மூடப்பட்டதால், பயணிகள் பலர் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. பயண அட்டைத் தரவுகளைப் பின்னர் ஆராய்ந்தவர்கள், அன்றாடப் பயணிகளில் சுமார் 5 சதவீதத்தினர் வேலைநிறுத்தம் முடிந்த பிறகும் புதிய வழியிலேயே தொடர்ந்ததாகக் கண்டார்கள். இன்னும் வசதியான வழி பக்கத்திலேயே இருந்தும், கட்டாயம் வரும்வரை அவர்கள் அதைத் தேடவில்லை. ஆனால் இந்த ஆய்வை ஆர்வத்தோடு எடுத்துக்காட்டுபவர்கள், மற்றவர்களுக்கு அந்தத் தொந்தரவு தொந்தரவாகவே முடிந்தது என்பதைச் சொல்வதில்லை.

இன்னொரு எடுத்துக்காட்டு ஸ்வீடனின் தலைநகர் ஸ்டாக்ஹோம். நகரின் மையப் பகுதிக்குள் வரும் வாகனங்களுக்கு நெரிசல் கட்டணம் விதிப்பதை அங்கே தொடக்கத்தில் பெரும்பான்மையானோர் எதிர்த்தார்கள். 2006 ஜனவரி 3 முதல் ஜூலை இறுதிவரை சோதனையாக நடத்திப் பார்த்தார்கள். கட்டண எல்லையைக் கடக்கும் போக்குவரத்து ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்தது, மக்களின் கருத்தும் மாறியது. இதை வைத்து ‘பார்த்தீர்களா, பழகிவிட்டார்கள்’ என்று சொல்வது எளிது. ஆனால் கட்டணம் வருவதற்கு முன்பே, 2005 ஆகஸ்டிலேயே, கூடுதல் பேருந்துச் சேவைகள் ஓடத் தொடங்கியிருந்தன. சோதனைக்கு முடிவுத் தேதி இருந்தது, அந்தத் தேதியில் கட்டணம் உண்மையிலேயே நிறுத்தப்பட்டது. செப்டம்பரில் நடந்த வாக்கெடுப்பில் நகரவாசிகளில் சற்றே பெரும்பான்மையோர் ஆதரித்தனர். அதன் பிறகு 2007 ஆகஸ்டில்தான் அது நிரந்தரமானது. மாற்று வழியைக் கொடுத்துவிட்டு, கட்டணத்தை நிறுத்திப் பார்த்துவிட்டு, மக்களைக் கேட்டுவிட்டுச் செய்த மாற்றம் அது. ஒரு நாள் காலையில் அறிவிப்புப் பலகையை நட்டுவிட்டுப் போகிறவர்கள் அதைத் தங்களுக்குத் துணைக்கு அழைப்பது எனக்குச் சற்று வேடிக்கையாகவே இருக்கிறது.

பழகிக்கொள்வதற்கு ஆகும் செலவும் எல்லோருக்கும் ஒன்றல்ல. ஓர் அலுவலகத்தில் மூடிய கவுன்டரின் முன்னால் ஒரு முதியவர் நின்றிருந்தார். கண்ணாடியில் ஒட்டிய தாளில் ‘இச்சேவை இனி இணையவழியில் மட்டுமே’ என்று அச்சிட்டிருந்தது. அருகில் இருந்த இளைஞர் ஒருவர் தன் செல்போனிலேயே விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தார். கடைசியில் ஓடிபி கேட்டது. பதிவில் இருந்த எண் முதியவரின் மகனுடையது. மகன் வேலையில் இருந்ததால் அழைப்பை எடுக்கவில்லை. அவர் திருப்பி அழைத்து எண்ணைச் சொல்வதற்குள் அதன் நேரம் முடிந்திருந்தது, முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. கவுன்டரை மூடியதில் அலுவலகத்துக்குச் செலவு மிச்சமாகியிருக்கலாம். உண்மையில் அந்த வேலை எங்கும் ஒழிந்துவிடவில்லை. சம்பளம் பெற்ற ஒருவர் செய்துவந்ததை இப்போது மூன்று பேர் தங்கள் நேரத்தில் செய்கிறார்கள். அடுத்த முறை அந்த முதியவர் மகனைக் கூடவே அழைத்து வருவார். அதுவும் ‘பழகிவிட்டார்’ என்ற கணக்கில்தான் சேரும்.

ஆகவே எனக்குப் பிடிக்காத விதி வரும்போது அதோடு மல்லுக்கட்டி என் நாளைக் கெடுத்துக்கொள்வதில்லை. புதிய வழியில் போகிறேன், புதிய படிவத்தை நிரப்புகிறேன், சீக்கிரமே பழகிக்கொள்ளவும் செய்கிறேன். ஆனால் பழகிய பிறகு நினைவிலிருந்து நழுவிவிடும் என்பதால், எரிச்சல் அடங்குவதற்குள் மனுவை எழுதிவிடுகிறேன்: யாருக்கு எவ்வளவு நேரம் கூடியது, மாற்று ஏற்பாடு என்ன, இந்த விதியை எந்தத் தேதியில் மறுஆய்வு செய்வீர்கள், அதன் முடிவை எங்கே வெளியிடுவீர்கள். ‘மக்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்’ என்று பதில் வந்தால், எதை அளந்து பார்த்து அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று அடுத்த மனுவில் கேட்பேன்.