விடைத்தாளுக்கு முகம் இருக்கும்போது

மூன்று ஆண்டுகளுக்கு முன் சைகைமொழிபெயர்ப்பாளர் சான்றிதழுக்கான செய்முறைத் தேர்வில் தோற்றேன். நான் தோற்றது எனக்குத் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே இன்னொருவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு கூட்டத்தில் என்னைப் பார்த்த மூத்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர், அறையின் மறுகோடியிலிருந்தே, "பரவாயில்லை, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்" என்று சைகையில் சொன்னார். ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் சைகை மொழியில் காதோடு காதாகப் பேச முடியாதே! அந்த அறையில் கண்ணைத் திறந்துவைத்திருந்த அத்தனை பேருக்கும் என் தேர்வு முடிவு ஒரே நொடியில் அறிவிக்கப்பட்டுவிட்டது. முறையான மின்னஞ்சல் அதற்குப் பிறகுதான் வந்தது.

அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து, சான்றிதழ்த் தேர்வுகளின் விதிப் புத்தகம் எது கையில் கிடைத்தாலும் இரண்டு பகுதிகளைத்தான் முதலில் புரட்டுகிறேன். தேர்வரின் அந்தரங்கம் பற்றி ஒன்று, மறுதேர்வு பற்றி மற்றொன்று. விதிகளை எழுதுகிறவர்கள் இவற்றைத் தனித்தனி அத்தியாயங்களாக வைத்துவிடுகிறார்கள். தோற்றவர்களுக்கு மட்டுமே தெரியும், இரண்டும் ஒரே விஷயம் என்று.

மற்ற தேர்வுகளில் விடைத்தாளின் மேல்பகுதியைக் கிழித்து, டம்மி எண் போட்டு அனுப்பிவிடலாம். திருத்துகிறவருக்கு எழுதியவர் யாரென்று தெரியாது. எங்கள் விடைத்தாள் ஒரு வீடியோ. அதில் என் முகமும் என் தோளும் என் கையும் இருக்கின்றன. முகத்தை மறைத்துவிட்டு அனுப்பலாமே என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் கேட்பதுண்டு. பல சைகை மொழிகளில் புருவத்தை உயர்த்தினால் அது ஆம்-இல்லை கேள்வி. நெரித்தால் யார், எங்கே, ஏன் என்ற வகைக் கேள்வி. கைகள் ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருக்க, தலையை இடவலமாக ஆட்டுவதாலேயே வாக்கியம் எதிர்மறையாகிவிடும். முகத்தை மறைப்பது, விடைத்தாளில் பாதி எழுத்துகளை மையூற்றி அழிப்பதற்குச் சமம்.

ஆகவே மதிப்பிடுகிறவர் என்னைப் பார்த்தே தீர வேண்டும். அவர் யார்? சைகை மொழியில் ஊறிய காது கேளாதவர் அல்லது அனுபவமுள்ள மொழிபெயர்ப்பாளர். வேறு யாரும் இதற்குத் தகுதியானவர்கள் அல்லர். அப்படித்தான் இருக்கவும் வேண்டும். ஆனால் இது எல்லோரையும் எல்லோருக்கும் தெரிந்த சின்ன வட்டம். இன்று எனக்கு மதிப்பெண் போடுகிறவர் அடுத்த மாதம் நீதிமன்றத்தில் என்னோடு மாறி மாறி மொழிபெயர்க்க நேரலாம். தெரிந்தவர் என்றால் விலகிக்கொள்ள வேண்டும் என்ற விதி நல்ல விதிதான். சின்னச் சமூகத்தில் அதை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தால் திருத்த ஆள் மிஞ்சமாட்டார். அந்த வட்டத்துக்கு வெளியே, தொலைவில் இருக்கும் இருவரிடம் தனித்தனியாக அனுப்புங்கள் என்பேன். வீடியோவாக இருப்பதில் உள்ள ஒரே வசதி அது எங்கும் போகும் என்பதுதான். அந்த வசதியைத் தேர்வருக்குச் சாதகமாகவும் பயன்படுத்தலாமே.

அமெரிக்காவில் 1964-இல் தொடங்கிய மொழிபெயர்ப்பாளர் பதிவகம், உறுப்பினர் சங்கமாகவும் தேர்வு நடத்தும் அமைப்பாகவும் நெடுங்காலம் இருந்தது. 2016-இல் தேர்வுப் பணி காஸ்லி என்ற தனி அமைப்பின் கைக்குப் போனது. அந்த மாற்றத்துக்குக் காரணங்கள் பல சொல்வார்கள். எனக்கு அதில் பிடித்தது ஒன்றே: சக ஊழியர்களின் சங்கத்து அலமாரியில் என் மதிப்பெண் பட்டியல் இருக்கக் கூடாது. அதே பதிவகமும் அங்குள்ள காது கேளாதோரின் தேசியச் சங்கமும் சேர்ந்து 2005-இல் வகுத்த நடத்தை நெறிகள் ஏழு. அவற்றுள் முதலாவது ரகசியம் காத்தல். மருத்துவர் அறையில் பார்த்ததை வெளியே சொல்லக் கூடாது என்று எங்களுக்குப் பாடம் எடுக்கிறவர்கள், தேர்வறையில் பார்த்ததை மட்டும் தேநீர் இடைவேளையில் பேசுவது என்ன நியாயம்?

இதை எழுதும்போது என் காது கேளாத தோழியின் முகம் எதிரே வருகிறது. என்னோடு நன்றாகச் சண்டை போடுகிறவள். "உன் அந்தரங்கம் இருக்கட்டும். அறுவைச் சிகிச்சைக்கு முன் மருத்துவர் சொல்வதை எனக்கு மொழிபெயர்க்க வருகிறவர் நான்கு முறை தோற்றவரா என்று எனக்குத் தெரிய வேண்டாமா? உங்களில் ஒருவர் தவறு செய்தால் கையெழுத்துப் போடுவது நான்தானே?" என்று கேட்டாள். இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. 2013 டிசம்பர் 10-ஆம் தேதி ஜொகன்னஸ்பர்க் மைதானத்தில் நெல்சன் மண்டேலாவின் நினைவுக் கூட்டம் நடந்தபோது, உலகத் தலைவர்களின் பக்கத்தில் நின்று ஒருவர் பொருளற்ற கையசைவுகளைச் செய்துகொண்டிருந்தார். கேட்கும் காதுள்ளவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. காது கேளாதவர்கள்தாம் உடனே கண்டுபிடித்துக் கொதித்தார்கள். சான்றிதழ் என்ற ஒன்று ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

அவளுக்கு நான் சொன்ன பதில் அன்று அரைகுறையாக இருந்தது. இப்போது தெளிவாகச் சொல்ல முடியும். இன்று என் சான்றிதழ் செல்லுபடியாகுமா, எந்த வகைப் பணிக்கு, எந்த நாள் வரை, என்மீது நிரூபணமான புகார் உண்டா? இவற்றைத் தெரிந்துகொள்ள அவளுக்கு முழு உரிமை உண்டு. நபர்களுக்குச் சான்றளிக்கும் அமைப்புகளுக்கான பன்னாட்டுத் தரநெறி 17024-உம் இதே கோட்டைத்தான் போடுகிறது. ஒருவரிடம் நடப்பிலுள்ள சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பவருக்குச் சொல்ல வேண்டும். சான்றளிக்கும் வழியில் திரட்டிய மற்ற விவரங்களை, சட்டம் கேட்டாலொழிய, அவர் சம்மதம் இன்றி வெளியிடக் கூடாது. நான்காம் முறை தேறியவரும் முதல் முறை தேறியவரும் தாண்டியது ஒரே கோடு. அந்தக் கோடு தாழ்வாக இருக்கிறது என்று அவள் நினைத்தால் அதை உயர்த்தச் சொல்லட்டும், நானும் அவளோடு சேர்ந்து கேட்பேன். தோல்விகளின் எண்ணிக்கையைப் பெயருக்குப் பின்னால் பட்டம்போல் ஒட்டுவதற்கு மட்டும் உடன்படமாட்டேன்.

மறுதேர்வுக்கு வருகிறேன். காத்திருப்புக் காலம் வேண்டும் என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. செய்முறைத் தேர்வுக்கான ஒரு வினாத்தொகுப்பைத் தயாரிப்பது லேசான வேலை அல்ல. இயல்பாகச் சைகை செய்கிறவர்களைப் படம்பிடிக்க வேண்டும். மருத்துவம், பள்ளி, அலுவலகம் என்று சூழல்களைக் கோக்க வேண்டும். ஒரு தொகுப்பு இன்னொன்றைவிடக் கடினமாகிவிடவில்லை என்று சரிபார்க்க வேண்டும். தேர்வர்கள் குறைவாக இருக்கும் துறையில் அந்தச் சரிபார்ப்புக்கே போதிய ஆள் சேராது. ஆகவே தொகுப்புகள் சில மட்டுமே இருக்கும். ஒருமுறை பார்த்த வீடியோவை அடுத்த வாரமே திரும்பப் பார்த்தால் மொழிபெயர்ப்பது திறமை அல்ல, நினைவாற்றல். வினாக்களை வெளியே சொல்லமாட்டேன் என்று எங்களிடம் கையெழுத்து வாங்குவதும் நியாயமே.

என் சண்டை, அந்த ரகசியத்தைச் சாக்காக வைத்துத் தோல்விக்கான காரணத்தையும் பூட்டிவைப்பதோடு. எனக்கு வந்த மின்னஞ்சலில் "தேர்ச்சி பெறவில்லை" என்பதற்குமேல் ஒரு வரியும் இல்லை. சொல்லை எழுத்தெழுத்தாக விரலால் காட்டும் விரலெழுத்தைப் படிப்பதில் சறுக்கினேனா? எண்களைத் தவறவிட்டேனா? இருவர் பேசுவதை உடலைத் திருப்பிக் காட்டுவதில் குழப்பினேனா? சைகையிலிருந்து பேச்சுக்கு வரும்போது பாதியை விழுங்கினேனா? தெரியாது. தெரியாததால், கூச்சமில்லாமல் சொல்கிறேன், ஏற்கெனவே நன்றாக வருவதையே மாதக்கணக்கில் பயிற்சி செய்துகொண்டிருந்தேன். இந்தத் தலைப்புகளின்கீழ் வலுவா, நடுத்தரமா, பலவீனமா என்று சொல்வதால் ஒரு வினாவும் கசியாது. 2017 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், அயர்லாந்துக் கணக்கியல் தேர்வர் ஒருவர் தொடுத்த வழக்கில், தேர்வில் ஒருவர் எழுதிய விடைகளும் அவற்றின்மீது திருத்தியவர் எழுதிய குறிப்புகளும் தேர்வரின் தனிப்பட்ட தரவுகளே என்றது. வினாக்கள் அப்படி அல்ல என்றும் சொன்னது. வினா உங்களுடையது, விடையும் குறிப்பும் என்னுடையவை. நான் கேட்பதும் அந்தப் பங்கீட்டைத்தான்.

கருவி சதி செய்த முறையைத் தோல்வியாக எழுதுவதும் தவறு. கேமரா சட்டகத்துக்கு வெளியே கை போய்விட்டது, ஒலி நடுவில் நின்றுவிட்டது என்றால் அதை ஒரு முயற்சியாகக் கணக்கில் வைக்கக் கூடாது, கட்டணமும் மறுபடி வாங்கக் கூடாது. எழுத்துத் தேர்வில் தேறியவரை, செய்முறையில் தவறியதற்காக எழுத்துத் தேர்விலும் மறுபடி உட்காரவைப்பதும் வேண்டாத வேலை. வாழ்நாளில் இத்தனை முறைதான் என்ற உச்சவரம்பு? எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மொழி வயதோடு கூடுகிற ஒன்று.

மறுதேர்வின்போது முதல் முறை பார்த்தவரே மறுபடியும் என் வீடியோவைப் பார்க்கக் கூடாது. இது என் இரண்டாம் முறை என்பதும் அவருக்குத் தெரியக் கூடாது. மேல்முறையீட்டுக் காலம் முடிந்தபின் பழைய வீடியோ அழிக்கப்பட வேண்டும். பயிற்சி வகுப்பில் "தவறான மொழிபெயர்ப்புக்கு உதாரணம்" என்று காட்டவோ, சைகையை அடையாளம் காணும் மென்பொருளுக்குத் தீனியாகப் போடவோ வேண்டுமானால் தனியாகக் கேட்டுத் தனியாகச் சம்மதம் வாங்கட்டும். விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒளித்துவைத்த ஒரு கட்டத்தில் டிக் அடித்ததைச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொள்ளமாட்டேன்.

இரண்டாம் முறை தேறினேன். வாழ்த்துச் செய்தி அதிகாரபூர்வமாக எனக்குத்தான் முதலில் வந்தது, அந்த அளவில் முன்னேற்றம். முதல் வீடியோ என்ன ஆயிற்று என்று கேட்டு அதே வாரம் கடிதம் எழுதினேன். சான்றிதழின் நகல் ஒன்றை மறுபடியும் அனுப்பிவைத்தார்கள்.