இயற்கை என்றாலே பாதிப்பில்லையா?
இயற்கைப் பாலிமர்கள் (சிறு மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த பெரிய மூலக்கூறுகள்) பற்றிய கட்டுரையைப் படித்தேன். பருத்தி, மாவுச்சத்து, இறால் ஓடு எல்லாம் மருந்தாவதை அது நன்றாகச் சொல்கிறது. ஆனால் ‘இயற்கைப் பாலிமர் என்பதால் உடலுக்குக் கெடுதல் இல்லை’ என்ற வரிதான் இடிக்கிறது.

ஹைட்ராக்சிஎத்தில் ஸ்டார்ச் என்ற டிரிப்ஸ் மருந்தையே பாருங்கள். மூலப்பொருள் மக்காச்சோள மாவோ உருளைக்கிழங்கு மாவோதான். வெறும் மாவுச்சத்து ரத்தத்தில் ஏறினால் அமிலேஸ் நொதி சீக்கிரமே உடைத்துவிடும். அதைத் தாமதப்படுத்தத்தான் ஹைட்ராக்சிஎத்தில் என்ற வேதித் தொகுதிகளைச் சேர்த்து, ரத்தம் அதிகம் இழந்தவர்களுக்கு டிரிப்ஸில் ஏற்றினார்கள். எளிதில் உடையாத அந்தக் குணமே வினையானது. திசுக்களில் தேங்கியது, ஐசியூ நோயாளிகள் சிலருக்குச் சிறுநீரகம் கெட்டது. 2013-ல் கட்டுப்பாடுகள் வந்தன, 2022-ல் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதியையே நிறுத்திவைத்தது.

அதற்காக எல்லாவற்றையும் பயந்து ஒதுக்கச் சொல்லவில்லை. கண்புரை ஆபரேஷனுக்கு அப்புறம் நானே கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் சொட்டு மருந்துதான் விடுகிறேன். பாட்டிலில் 0.5% என்று போட்டிருக்கிறது. பருத்தியில் இருக்கும் செல்லுலோஸ் தண்ணீரில் கரையாது; கார்பாக்சிமெத்தில் தொகுதிகள் சேர்ந்ததும் கரைந்து கொழகொழவென்று ஆகிவிடுகிறது. கண்ணில் விட்டதும் கொஞ்ச நேரம் எல்லாம் மங்கலாகத் தெரியும், பிறகு உறுத்தல் அடங்கிவிடும்.