பொய்ப் புகாருக்கு யார் பதில் சொல்வது?

பெரியப்பா நாதஸ்வரம் வாசித்ததைத் தம்பி படம் பிடித்து ஒரு வீடியோ தளத்தில் போட்டிருந்தான். அது தங்களுடையது என்று ஓர் இசை நிறுவனம் பதிப்புரிமைப் புகார் கொடுக்க, தளம் அதைத் தூக்கிவிட்ட விஷயம் இதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். தம்பியின் பதிவுக்குக் கீழே நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. "தளத்தின் மேல் கேஸ் போடு", "சேஃப் ஹார்பரையே ஒழிக்கணும்" என்கிறீர்கள். பாசத்தில்தான் சொல்கிறீர்கள், சரி. ஆனால் ஒழிக்க வேண்டியது அது இல்லை.

யாரோ ஒருவர் ஏற்றிய வீடியோவுக்காகத் தளத்தையே குற்றவாளி ஆக்கக் கூடாது என்பதுதான் சேஃப் ஹார்பர். அமெரிக்காவில் 1998-இல் வந்த டிஎம்சிஏ என்ற பதிப்புரிமைச் சட்டத்தில் இருக்கிறது. இங்கே தகவல் தொழில்நுட்பச் சட்டம் 79-வது பிரிவிலும், 2012-இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டத்திலும் இருக்கிறது. 2007-இல் வயாகாம் என்ற அமெரிக்க ஊடக நிறுவனம், தன் நிகழ்ச்சிகளை யார் யாரோ ஏற்றியதற்காக யூடியூப்பிடம் 100 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. அப்படி ஒரு பயம் தலைக்கு மேல் இருந்தால் எந்தத் தளமாவது திருவிழாவில் போனில் எடுத்ததை ஏற்றிக்கொள்ளுமா? பெரிய கம்பெனிகளின் வீடியோவை மட்டும்தான் வைத்திருக்கும். வக்கீல் இல்லாத பெரியப்பாவைத்தான் முதலில் வெளியே தள்ளும்.

என் கோபம் வேறு. பொய்ப் புகார் கொடுப்பவருக்கு ஒரு ரூபாய்கூட நஷ்டம் இல்லை. அதுதான்.

பெரியப்பா வாசித்தது தியாகராஜர் கீர்த்தனை. அவர் மறைந்தது 1847-இல். இங்கே படைப்பாளியின் உரிமை அவர் இறந்து 60 ஆண்டு வரைக்கும்தான். வாசித்தவர் பெரியப்பா, படம் பிடித்தவன் தம்பி. இசை நிறுவனம் தான் வெளியிட்ட ஒலிப்பதிவுக்கு உரிமை கொண்டாடட்டும், அதை நான் மறுக்கவே இல்லை. அதே கீர்த்தனையை இன்னொருவர் வாசித்தால் அதுவும் அவர்களுடையதா?

"எதிர் மனு கொடுத்தால் தீர்ந்தது" என்று ஒருவர் சுலபமாகச் சொல்கிறார். புகார் தவறு, வீடியோவைத் திரும்ப வையுங்கள் என்று தளத்துக்குக் கொடுப்பதுதான் அது. அந்தப் படிவத்தைப் படித்தாரா? வீட்டு முகவரி எழுத வேண்டும், அது புகார் கொடுத்தவருக்கே போகும். வழக்கு வந்தால் அமெரிக்க நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்கிறேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். திருவாரூர்ப் பக்கத்தில் இருக்கிற நாதஸ்வரக்காரர் இதில் எந்தத் தைரியத்தில் கையெழுத்துப் போடுவார்? புகார் கொடுத்தவருக்கு அது ஐந்து நிமிட வேலை.

நம் சட்டத்தில் வழியே இல்லாமல் இல்லை. 2013 பதிப்புரிமை விதிகளில் 75-வது விதியைப் பாருங்கள். புகார் வந்தால் 36 மணி நேரத்துக்குள் தளம் அதை மறைக்க வேண்டும். புகார் கொடுத்தவர் 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் திரும்ப வைக்கலாம். கட்டாயம் வைத்தே ஆக வேண்டும் என்று இல்லை! அதைக் கட்டாயமாக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆதாரமில்லாமல் மிரட்டினால் நஷ்டஈடு கேட்கலாம் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 60-வது பிரிவு சொல்கிறது. கேட்க வேண்டுமானால் நாம்தான் கோர்ட்டுக்குப் போக வேண்டும். கல்யாண சீசனில் மட்டும் வருமானம் பார்க்கிறவர் எந்தக் காசில் போவார்? அமெரிக்காவிலேயே, தன் குழந்தை ஒரு பாட்டுக்கு ஆடிய 29 நொடி வீடியோவைப் புகார் கொடுத்து நீக்க வைத்த இசை நிறுவனத்தின் மேல் ஓர் அம்மா 2007-இல் தொடங்கிய வழக்கு 2018-இல்தான் சமரசத்தில் முடிந்தது. புகார் அனுப்பும் முன் அது நியாயமான பயன்பாடா, அதாவது அனுமதி இல்லாமலே பயன்படுத்தச் சட்டம் விடுகிற வகையா என்று யோசித்தே ஆக வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது 2015-இல். யோசிக்கச் சொல்லவே எட்டு வருஷம்.

"அப்போ புதுப்படத்தைத் திருடிப் போடுகிறவனை விட்டுவிடுவதா?" வேண்டாம், விடாதீர்கள். தயாரிப்பாளர்கள் படம் வருவதற்கு முன்பே உயர் நீதிமன்றத்தில் தடை உத்தரவு வாங்கிவிடுகிறார்கள். அவர்களுக்கு ஆள் இருக்கிறது, பணம் இருக்கிறது. திருட்டு வீடியோ பற்றிப் பேச இன்னொரு நாள் இருக்கிறது. தன் மூச்சைப் பிடித்து வாசித்தவரைத் திருடன் என்று சொன்னதைப் பற்றித்தான் நான் இப்போது பேசுகிறேன்.

ஆமாம், திருடன் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். வீடியோ இருந்த இடத்தில் "பதிப்புரிமைப் புகாரால் நீக்கப்பட்டது" என்று இருக்கிறது. அந்த லிங்க்கைத் தன் சிஷ்யப் பிள்ளைகளுக்கெல்லாம் அனுப்பியிருந்தார் பெரியப்பா. அதில் ஒருவர் போன் செய்து "யாருடையதை எடுத்துப் போட்டீங்க?" என்று கேட்டிருக்கிறார். பெரியப்பா பதில் சொல்லாமல் வைத்துவிட்டார். அந்த நிறுவனம் இதற்கு மன்னிப்புக் கேட்குமா?

கடைசியாக, "வேற பாட்டு வாசிச்சுப் போடச் சொல்லு" என்று புத்தி சொன்னவருக்கு. அவர் ஏன் மாற்ற வேண்டும்? அவருடைய அப்பாவிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்ட கீர்த்தனை அது. இந்த யோசனையைத் தயவுசெய்து தம்பியிடமோ பெரியப்பாவிடமோ சொல்லாதீர்கள். சொல்வதாக இருந்தால் என்னிடம் சொல்லுங்கள், நான் பதில் சொல்கிறேன்.