மாமன் சீரு ஆகும், மாமன் தாடி ஆகாது

ஞாயித்துக்கிழமை திருமங்கலம் மண்டபத்துல, கல்யாணத்துல, என் தாடியால நடந்ததை நான் மறுபடி சொல்லப் போறதில்லை. அங்க இருந்த பாதிப் பேர் இங்கயும் இருக்கீங்க. மீதிப் பேருக்கு அன்னைக்கு ராத்திரிக்குள்ள போன்ல தகவல் வந்திருக்கும். "சின்ன விஷயம், விட்டுருடா"ன்னு மூணு பேர் மெசேஜ் அனுப்பியிருக்கீங்க. விட்டுட்டேன். விட்டதுக்கப்புறமும் மூணு நாளா தூக்கம் வரலை, அதனால எழுதறேன்.

நான் தாடி வளர்க்கறதுக்கு ஒரு காரணமும் இல்லை. இதை முதல்லயே சொல்லிடறேன். போகப் போக இன்னும் நாலஞ்சு தடவை சொல்வேன், பொறுத்துக்குங்க.

பங்குனி கடைசியில பிளேடு தீர்ந்துச்சு. கடைக்குப் போகச் சோம்பல். திங்கட்கிழமை ஆபீஸ்ல யாரும் ஒண்ணும் சொல்லலை, செவ்வாயும் சொல்லலை. அப்படியே விட்டுட்டேன். 39 வயசுல முதல் தாடி. இதுக்கு மேல இதுல வரலாறு கிடையாது.

ஆனா நம்ம ஊர்ல தாடிங்கறது பேங்க் பாரம் மாதிரி. "காரணம்"னு ஒரு கட்டம் போட்டிருக்கு, அதை நிரப்பாம கவுண்டரை விட்டு நகர விடமாட்டாங்க. அழகருக்கு வேண்டுதலா? பழனிக்கு மொட்டையா? உடம்பு சரியில்லையா? வீட்ல ஏதும் சண்டையா? ஊர்ல யாரும் தவறிட்டாங்களா? கடைசிக் கேள்வியைக் கேட்டவர்கிட்ட "அதெல்லாம் இல்லைங்க, எல்லாரும் நல்லா இருக்காங்க"ன்னு சொன்னப்ப அவர் மூஞ்சியில லேசா ஒரு ஏமாத்தம் தெரிஞ்சது. மாடி வீட்டு அக்கா என் மனைவியைத் தனியாக் கூப்பிட்டு "எத்தனை மாசம்?"னு கேட்டிருக்காங்க. பொண்டாட்டி மாசமா இருந்தா புருஷன் முடி எடுக்கக் கூடாதுங்கற கணக்கு. எங்க மூத்தவன் ஒன்பதாவது படிக்கிறான்.

காதல் தோல்வியை மட்டும் யாரும் கேட்கலை. அந்த வயசு தாண்டிட்டேன்னு முடிவு பண்ணிட்டாங்க போல. அதுவும் வருத்தமாத்தான் இருந்துச்சு.

சரி, மறுபடி சொல்லப் போறதில்லைன்னு சொன்னேன். ஆனா ரெண்டு மூணு விதமாப் பரவியிருக்கறதால ஒரு தடவை ஒழுங்காச் சொல்லிடறேன். கல்யாணம் எங்க அக்கா மகளுக்கு. நான் தாய்மாமன். பதினொரு தட்டுச் சீரு, மாலை, மோதிரம், பட்டுன்னு விடியக்காலம் தூக்கிட்டு வந்தோம். பட்டம் கட்டும்போது என் மூஞ்சி பொண்ணு மூஞ்சிக்கு அரை அடி தூரத்துல இருந்துச்சு. "மாமா, தாடி நல்லாருக்கு"ன்னு அந்தப் பிள்ளை காதுல சொல்லுச்சு. அதுவரைக்கும் வேற யார் கண்ணுக்கும் தாடி படலை. தாலி கட்டி முடிஞ்சு, குடும்ப போட்டோவுக்கு எல்லாரும் மேடை ஏறினதும்தான் பெரியப்பா கண்ணுக்குப் பட்டிருக்கு.

"தாய்மாமன் இப்படியாடா எழவு வீட்டுல நிக்கிற மாதிரி நிப்பான்? பின்னாடி போ. போட்டோ காலத்துக்கும் இருக்கும்."

மைக்கெல்லாம் இல்லை. ஆனா மேளம் நின்ன நேரம் பாருங்க, நாலாவது வரிசை நாற்காலி வரைக்கும் கேட்டுச்சு. சிரிச்சாங்க. நானும் சிரிச்சுக்கிட்டே பின்னாடி போனேன்.

மோதிரம் போடறப்போ தெரியாத தாடி போட்டோவுல தெரியுது. சீருத் தட்டு தூக்கறப்போ தெரியலை. பந்தியில நின்னு "சாம்பார் இங்க வரலை"ன்னு கத்திக்கிட்டு இருந்தப்போ தெரியலை. மொய் நோட்டுக்குப் பக்கத்துல ரெண்டு மணி நேரம் உக்கார வச்சப்போ தெரியலை.

"பெரியவர், ஏதோ உரிமையில சொன்னார்." உரிமைதான், யார் இல்லைன்னா? ஞாயித்துக்கிழமை தவறாம அவர் மீசைக்கு டை அடிப்பார், மேலுதட்டுத் தோல்லயும் கொஞ்சம் கருப்பு அப்பியிருக்கும். அதே உரிமையில நான் என்னைக்காவது நாலு பேருக்கு முன்னாடி சொல்லியிருக்கேனா? இல்லை. இப்பதான் சொல்றேன்.

"தாடி சுத்தமா இருக்காது"ன்னும் ஒருத்தர் எழுதியிருக்கார். அவருக்குக் கொஞ்சம் விரிவாவே பதில் சொல்லணும், ஏன்னா தாடி வளர்க்கறதுன்னா சும்மா விடறதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கார். நானும் அப்படித்தான் நினைச்சேன். தாடி முடி ஒரு நாளைக்கு 0.4 மில்லிமீட்டர் வாக்குலதான் வளரும். பதினொரு வாரத்துக்கு மூணு சென்டிமீட்டர். இந்த மூணு சென்டிமீட்டருக்கு நான் பட்ட பாடு இருக்கே, இதுல பாதி பாடு பட்டிருந்தா புரமோஷன் வாங்கியிருப்பேன்.

ரெண்டாவது வாரம் அரிப்பு. சித்திரை வெயில், மதுரை, கழுத்து முழுக்க வேர்வை. பிளேடு பட்ட முடியோட நுனி குறுக்க வெட்டின மூங்கில் மாதிரி மொட்டையா நிக்குமாம், அது வளைஞ்சு தோலைக் குத்துது. அரிப்பு தாங்காம நானே கண்ணாடி முன்னாடி நின்னு கழுத்துப் பக்கம் ட்ரிம்மர் வச்சேன். எல்லை எங்கன்னு தெரியலை. தாடை எலும்பை ஒட்டிக் கோடு போட்டுட்டேன். நேராப் பார்த்தா பரவாயில்லை. பக்கவாட்டுல பார்த்தா தாடி ஒரு ஆளுக்கும் கழுத்து இன்னொரு ஆளுக்கும் சொந்தம் மாதிரி இருந்துச்சு. எனக்கு ரெட்டைத் தாடை இருக்குங்கறதை அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். மூணாவது வாரம் கருப்புச் சட்டையில மாவு கொட்டின மாதிரி பொடுகு. தோல் டாக்டர் கீட்டோகோனசோல் ஷாம்பு எழுதிக் குடுத்தார். தடவி அஞ்சு நிமிஷம் விட்டுக் கழுவணும், வாரத்துக்கு ரெண்டு தடவை. முகத்துக்குப் போடற சோப்பைத் தாடியில தேய்க்காதீங்கன்னார். குளிச்சு ஈரம் துடைச்சதும் ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெய், அதுவும் முடிக்கு இல்லை, விரல் நுனியால அடியில தோலுக்கு. சுத்தத்தைப் பத்தி என்கிட்ட பேசறவங்க கடைசியா எப்ப உங்க தாடையை அஞ்சு நிமிஷம் ஊற வச்சுக் கழுவினீங்கன்னு சொல்லுங்க.

கம்பங்கூழ் குடிக்கறதை மட்டும் விட்டுட்டேன். கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசைன்னு சொன்னவன் நிச்சயமா ரெண்டையும் அனுபவிச்சவன்தான்.

நாலாவது வாரம் தோத்துட்டேன். எடுத்துடலாம்னு சிம்மக்கல்ல எப்பவும் போற சலூனுக்குப் போனேன். "வழிச்சிடுங்கண்ணே." அவர் வழிக்கலை. நாற்காலியை வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பி, கட்டை விரலால கன்னத்தை அழுத்தி அழுத்திப் பார்த்தார். "இடது பக்கம் அருமையா வருது தம்பி. வலது பக்கம்தான் இங்க ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் காலி. அதுக்கு மேல இருக்கறதை நீளமா விடுங்க, சீவி மூடிக்கலாம்." குரல்வளை மேட்டுக்கு மேல ரெண்டு விரலை வச்சார். "கோடு இங்க வரணும். நீங்க போட்டு வச்சிருக்கறது யாரோ கோவத்துல போட்ட கோடு." ஓரத்தை மட்டும் கத்தியால எடுத்துட்டு, படிகாரத்தை நனைச்சுத் தேய்ச்சார். "இன்னும் மூணு வாரம் கையே வைக்காதீங்க." அம்பது ரூபாய். காரணம் கேட்கலை. அந்தப் பதினொரு வாரத்துல காரணம் கேட்காத ஒரே ஆள் அவர்தான்.

அவருக்குத் தெரியும், காரணம் கிடையாதுன்னு.

ரஷ்யாவுல பீட்டர்னு ஒரு ராஜா, தாடியை எடுக்கணும்னு உத்தரவு போட்டார். வேணும்னா வரி கட்டிட்டு வச்சுக்கலாம். 1705ல வரி கட்டினவங்களுக்கு ஒரு வில்லை குடுத்தாங்க, அதுல மூக்கும் மீசையும் தாடியும் பொறிச்சு "பணம் பெறப்பட்டது"ன்னு எழுதியிருக்கும். எவ்வளவு நாகரிகமான ஏற்பாடு. பெரியப்பா ஒரு தொகை சொல்லியிருந்தா மொய்யோட சேர்த்துக் கட்டிட்டு முன்வரிசையில நின்னிருப்பேன்.

ஒருத்தர் 280வது குறளை அனுப்பியிருக்கார். "மழித்தலும் நீட்டலும் வேண்டா." நன்றி. அது கூடாவொழுக்கம் அதிகாரத்தோட கடைசிக் குறள், துறவி வேஷம் போட்டு ஊரை ஏமாத்தறவங்களுக்குச் சொன்னது. நான் துறவி இல்லைங்க, இன்னைக்குக் காலையிலதான் கேஸ் சிலிண்டர் மாத்தினேன். அதோட அதுல மழித்தலும் வேண்டாம்னுதானே இருக்கு, அது உங்க கன்னத்துக்குச் சேராதா? நீங்க அனுப்பின படத்துலயே மேல வள்ளுவர் தாடியோடதான் உக்காந்திருக்கார். வேணுகோபால் சர்மா வரைஞ்சு, 1964ல சட்டமன்றத்துல திறந்து வச்ச படம். அவரைப் போய் யாரும் பின்னாடி நிக்கச் சொல்லலை.

யூனிபார்ம் வேலையில இருக்கறவங்க கதை வேற, அதை ஒத்துக்கறேன். கடற்படையில முழுத்தாடிக்கு அனுமதி உண்டு. விமானப்படையில தாடி வச்சதுக்கு வேலை போன ஒருத்தர் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயும் 2016ல தோத்துட்டார். 2024ல நம்ம ஹைகோர்ட் மதுரைக் கிளையில, தாடிக்காகத் தண்டனை வாங்கின ஒரு போலீஸ்காரர் வழக்கு, அவர் முஸ்லிம். 1957லயே மெட்ராஸ் போலீஸ் கெசட்ல அதுக்கு இடம் இருக்குன்னு சுட்டிக்காட்டி, தண்டனையை ரத்து பண்ணி, மறுபடி பரிசீலிக்கச் சொல்லிட்டாங்க. அங்கெல்லாம் சம்பளம், மதம், சட்டம்னு பெரிய பெரிய விஷயம் இருக்கு. எனக்குப் போனது ஒரு போட்டோதான். தெரியும். ஆனா அந்த நீதிமன்றத்துலகூட எதிர்த்தரப்புன்னு ஒருத்தர் எழுந்து நின்னு பேசுவாங்க, நமக்குன்னு ஒரு வக்கீலும் பேசுவார். கல்யாண மேடையில அந்த வசதி இல்லை.

இதை எழுதிக்கிட்டு இருக்கறப்போ என் மனைவி பின்னாடி நின்னு படிச்சுட்டு, "நான் மாசா மாசம் பார்லர்ல கண்ணுல தண்ணி வர நூல் போட்டு மேலுதட்டைப் பிடுங்கிட்டு வர்றேன், ஒரு மாசம் விட்டா உங்க பெரியம்மாவே கேட்பாங்க. அதுக்கு யாரு பதிவு போட்டா?"ன்னு கேட்டுட்டுப் போயிட்டா. நியாயமான கேள்வி. இதுக்கு என்கிட்ட பதில் இல்லை. அடுத்ததுக்கு வர்றேன்.

"ஒரு தாடிக்கு இவ்வளவு எழுதணுமா?" எழுதணும். காலேஜ்ல மூணு வருஷம் எனக்குப் பேரு அமுல் பேபி. என் வகுப்புப் பயலுக எல்லாம் ரெண்டு நாள் விட்டா முள்ளு முள்ளா நிப்பாங்க, எனக்குக் கன்னம் கண்ணாடி. ஊர்த் திருவிழாவுல கரகாட்டத்துக்கு இவனுக்கு மேக்கப் மிச்சம்னு ஒருத்தன் சொன்னான், அதை இன்னும் நான் மறக்கலை, அவன் இந்தப் பதிவைப் படிப்பான். அதுக்கும் முன்னாடி, பிளஸ் டூ படிக்கறப்போ, சிரைக்கச் சிரைக்க அடர்த்தியா வரும்னு எவனோ சொன்னதை நம்பி ஆறு மாசம் திருட்டுத்தனமா ஒண்ணுமில்லாத கன்னத்தைச் சிரைச்சிருக்கேன். அது பொய்யாம். மில்ட்ரெட் ட்ராட்டர்னு ஒரு அமெரிக்க அம்மா 1928லயே ஆராய்ச்சி பண்ணிச் சொல்லிட்டாங்க, பிளேடு நுனியைத்தான் வெட்டுது, வேருக்கு எதுவும் தெரியாது. எனக்குத்தான் தகவல் வர எழுபது வருஷம் லேட்டு.

அப்படி ஒரு நாள் அப்பாவோட ரேசரை எடுத்து நுரையெல்லாம் போட்டுச் சிரைச்சுக்கிட்டு இருக்கறப்போ தாடையில ஆழமா வெட்டிக்கிச்சு. கதவைத் திறந்தது அக்கா. ரத்தத்தைப் பார்த்தா, ரேசரைப் பார்த்தா, என் கன்னத்தைப் பார்த்தா. சிரிக்கலை. மாடத்துல இருந்த படிகாரத்தை எடுத்து நனைச்சு வச்சு அழுத்திக்கிட்டே நின்னா. அப்பாகிட்டயும் சொல்லலை, இன்னைய வரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லை.

அந்த அக்காதான் ஞாயித்துக்கிழமை மேடையில எனக்குப் பக்கத்துல நின்னா. பெரியப்பா சொன்னதைக் கேட்டா. கேட்டுட்டுக் குனிஞ்சு புடவை மடிப்பைச் சரி பண்ணிக்கிட்டா. "அவன் இங்கயே நிக்கட்டும்"னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? மூணு வார்த்தை. பெரியப்பாகிட்ட எனக்குக் கோவமே இல்லை, அவர் எம்பது வயசுக்காரர், அவர் காலத்துல தாடின்னா தீட்டு, வேண்டுதல், ஜெயில், அவ்வளவுதான். மகள் கல்யாணத்தன்னைக்கு ஒரு அம்மா எதையெல்லாம் சமாளிக்கணும்னும் தெரியும். பந்தி ஒரு பக்கம், சம்பந்தி ஒரு பக்கம். தெரியும். எல்லாம் எனக்குத் தெரியும். எல்லாம் தெரிஞ்சவன்தான் எப்பவும் பின்னாடி போய் நிக்கறான்.

அன்னைக்கும் அக்கா ஒண்ணும் பேசலை, ஞாயித்துக்கிழமையும் பேசலை.

தாடிக்குக் காரணம் கிடையாதுன்னு சொன்னேன். இப்பவும் அதேதான் சொல்றேன். ஆவணியில சின்னவ நிச்சயதார்த்தம் வருது, அதுக்குள்ள எடுத்துடுவேன்னு யாரும் கணக்குப் போடாதீங்க.

நேத்து சாயங்காலம் போட்டோ வந்துச்சு. அக்காதான் அனுப்பினா, ஒரு எழுத்துகூட எழுதலை. பெரிசாக்கிப் பார்த்தேன். நடுவுல பொண்ணு மாப்பிள்ளை, பக்கத்துல நெஞ்சை நிமித்திக்கிட்டுப் பெரியப்பா, மீசை கன்னங்கரேல்னு. அவர் தலைக்குப் பின்னாடி பாதி மறைஞ்சு நான். வலது கண்ணு தெரியலை, மூக்கு பாதி தெரியலை. தெரியறது இடது கன்னம் மட்டும்தான்.

அருமையா வந்திருக்கு.