பத்துக் கோடி என்பது வாசகர் எண்ணிக்கை அன்று
‘ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே நாவலைப் பத்துக் கோடிப் பேர் விரும்பிப் படித்தார்கள், குறை சொல்பவர்கள் காம எழுத்து என்றாலே முகம் சுளிப்பவர்கள்’ என்று சிலர் சொல்வது சரியன்று. 2014இல் அறிவிக்கப்பட்ட அந்த எண்ணிக்கை, இந்நாவலை முதல் நூலாகக் கொண்ட முத்தொகுதியின் மூன்று நூல்களும் சேர்ந்து விற்ற பிரதிகளைக் குறிப்பது. மூன்றையும் வாங்கியவர் அதில் மூன்று முறை எண்ணப்பட்டிருக்கிறார், வாங்கியவர்கள் எல்லாரும் விரும்பினார்கள் என்பதற்கும் அது சான்றாகாது. குறை சொன்னவர்களில் இவ்வகை நாவல்களை ஆர்வத்தோடு படிப்பவர்களும் உண்டு. நாயகி தன் ஆசை மனத்துக்கு வைத்த பெயரான ‘உள்ளிருக்கும் தேவதை’ ஓயாமல் துள்ளிக் குதிப்பது அவர்களுக்குச் சலிப்பூட்டியது. குடித்திருந்த அவள் இருக்குமிடத்தை நாயகன் கைப்பேசி வழியே கண்டறிந்து மதுக்கூடத்துக்கே வந்து நிற்பதைக் காதலாகக் காட்டியது பலரைக் கோபப்படுத்தியது (எனக்கும் அதுவே பெருங்குறை). தம் ஆசைகளைக் கூச்சமின்றிப் பேச இந்நாவல் உதவியது என்று சொன்ன பெண்களின் அனுபவமும் உண்மையானதே.