மச்சானின் இன்கிரிமென்ட்டும் பத்தாம் வகுப்புக் கணக்கும்

மச்சானுக்குச் சம்பளம் ஏறியிருக்கிறது. ஆனால் ஆள் புலம்புகிறான். "வருமான வரியில அடுத்த ஸ்லாபுக்குப் போயிட்டேன் மாமா, இனி மொத்தச் சம்பளத்துக்கும் பதினஞ்சு பர்சென்ட் பிடிச்சிருவான்." இன்ஜினியரிங் படித்தவன். தொகை நுண்கணிதத்தில் அரியர் இல்லாமல் தேறியவன்.

அவனையும் குறை சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்தில் தனிவட்டி, கூட்டுவட்டி, தொட்டியை நிரப்பும் இரண்டு குழாய் எல்லாம் போட்டோம்; வருமான வரி மட்டும் ஆடிட்டர் சமாச்சாரமாகவே நின்றுவிட்டது. இந்தப் பயத்துக்கு மூலம் ஈபி பில்தான் என்பது என் சந்தேகம். அங்கே 500 யூனிட்டைத் தாண்டினால் கீழே இருக்கும் யூனிட்டுகளுக்கும் சேர்த்து விலை ஏறிவிடுகிறதே.

சாயங்காலம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் டியூஷன் எடுக்கிறேன். ஒருநாள் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, 2025-26 புதிய வரி முறையைப் போர்டில் எழுதினேன். முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அதற்கு மேல் 8 வரை 5%, 12 வரை 10%, 16 வரை 15%. வரிக்குரிய வருமானம் 13 லட்சம், போடுங்கள் என்றேன். பாதிப் பேர் 1,95,000. மச்சான் கட்சி! அந்தந்தப் படியில் விழும் பணத்துக்குத்தான் அந்தந்த வீதம் என்று பிரித்துப் போட்டதும் 20,000, 40,000, 15,000, ஆக 75,000 என்று வந்தது. வரியின் மேல் போடும் செஸ் தனி.

"12 லட்சம் வரைக்கும் வரியே இல்லைன்னு டிவியில சொன்னாங்களே சார்?" என்றாள் ஒருத்தி. உண்மைதான். 12 லட்சத்துக்கு வரும் 60,000 அப்படியே தள்ளுபடி. அப்படியானால் 12,10,000 வாங்குபவர், பத்தாயிரம் கூடச் சம்பாதித்த பாவத்துக்கு 61,500 கட்டுவதா? அதைத் தடுக்கத்தான் மார்ஜினல் ரிலீஃப்: 12 லட்சத்துக்கு மேல் வந்த தொகையைவிட வரி கூடக் கூடாது. எதுவரைக்கும்? 12 லட்சத்துக்கு மேல் வந்த தொகை x என்றால், 60,000 + 0.15x = x. எட்டாம் வகுப்பு நேரியல் சமன்பாடு, அவ்வளவுதான். x சுமார் 70,588. அந்த எல்லை வரை கூடுதலாக வரும் ஒவ்வொரு ரூபாயும் முழுசாக வரிக்கே போகிறது. "அப்போ எதுக்கு சார் ஓவர்டைம் பார்க்கணும்?" என்றான் கடைசி பெஞ்சுக்காரன். எந்தப் பாடத்திலும் அவன் கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை.

அடுத்த வகுப்பில் வேறு நாடுகள். 1994ல் எல்லாருக்கும் ஒரே 26% என்று கொண்டுவந்த எஸ்தோனியா, 2001ல் 13% வைத்த ரஷ்யா, சம்பளத்துக்கு வரியே இல்லாத துபாய். 1973-74ல் நம் நாட்டின் உச்ச வீதம் 97.75% என்றதும் வகுப்பே அலறியது. "மேல்படிக்கு மட்டும்தானே சார்?" என்று அதே பெண் கேட்டாள். எனக்கு அது போதும். எந்த முறை நியாயம் என்று நான் சொல்லவில்லை. அது கணக்கு வாத்தியார் வேலையும் இல்லை. ஆனால் அந்தச் சண்டையை எண்களோடு போட பதினைந்து வயது சரியான வயது. இதைப் பாடத்திட்டத்திலேயே வைத்தால் என்ன?

அப்புறம், மச்சான் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். சம்பளக்காரர்களுக்குக் கிடைக்கும் நிலையான கழிவு போக, ஏறுவதற்கு முன் 12 லட்சமாக இருந்தது இப்போது 12,50,000. வரி 50,000, செஸ் 2,000. ஏறியதைவிட இரண்டாயிரம் கூடவே போகிறது. அவன் சொன்ன காரணம் தப்பு, புலம்பல் சரி. இதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை.