நெஞ்சில் ஏறி உட்காரும் பேய்: பரவும் தகவல் தவறு

“ஒருவரையொருவர் அறியாத நாட்டு மக்களெல்லாம் தூக்கத்தில் நெஞ்சை அமுக்கும் ஒரே பேயைப் பார்த்திருக்கிறார்கள்; எனவே பேய் இருப்பது நிரூபணம்” என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது.

இதில் பாதி உண்மை. அனுபவம் ஒன்றுதான், பேய் ஒன்றல்ல. கனடாவின் நியூபவுண்ட்லாந்தில் அது நெஞ்சில் ஏறி உட்காரும் கிழவி. எகிப்தில் பலர் ஜின் என்கிறார்கள். ஜப்பானில் ‘கனாஷிபாரி’, அதாவது இரும்பால் கட்டியதுபோல் அசையமுடியாத நிலை. நம் அமுக்குவான் பேயும் இந்தக் கூட்டம்தான். ஒரே பேய் என்றால் ஊருக்கு ஊர் ஏன் ஆள் மாற வேண்டும்?

மாறாமல் இருப்பது நம் உடல். கனவு வரும் தூக்கக் கட்டத்தில், கனவில் ஓடும்போது நிஜத்தில் கால் எழுந்துவிடாதபடி மூளை தசைகளைத் தளர்த்திவைக்கிறது. சில நேரம் அந்தத் தளர்வு விலகுவதற்குள் விழிப்பு வந்துவிடும். கண் திறந்திருக்கும், கை அசையாது, கனவின் மிச்சம் அறைக்குள் தெரியும். மூச்சை ஆழமாக இழுக்கப் பார்த்தால் மார்புத் தசைகள் ஒத்துழைக்காது. அதுதான் அந்தப் பாரம். இதற்குத் தூக்க முடக்கம் என்று பெயர். வாழ்நாளில் ஒருமுறையாவது இதை அனுபவிப்பவர்கள் 100 பேரில் சுமார் 8 பேர்.

பயந்தவர்கள் பொய் சொல்லவில்லை. அந்தப் பயம் நிஜம், அதைக் கேலி செய்யாதீர்கள். இந்த முடக்கம் பெரும்பாலும் சில நொடிகளில், அதிகம் போனால் சில நிமிடங்களில் தானாக விலகிவிடும். தூக்கம் கெடுவதும் மல்லாந்து படுப்பதும் இதைத் தூண்டலாம். அடிக்கடி வந்தால் மருத்துவரைப் பாருங்கள்.